கிட்ட வரும் இடம்

பெட்ஷீட் மடிப்பது ஒரு ஆள் வேலை இல்லை. தனியாக மடித்தால் ஒரு முனை தரையைத் துடைக்கும். தரையைத் துடைத்த துணி திரும்பவும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். எதிரெதிரே இரண்டு பேர் நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு, ஒரு மடிப்பு, இன்னொரு உதறு, இன்னொரு மடிப்பு என்று போட்டபின், ஒருவர் நடந்து போய்த் தன் முனைகளை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். யார், எப்போது நடப்பது என்பதில்தான் வம்பே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் மூக்கோடு மூக்கு இடிக்கும். யாருமே கிளம்பாவிட்டால் சாயங்காலம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

எங்கள் சலவைக்கூடத்தில் இந்த வம்பை அக்கா ஒரு முணுமுணுப்பால் தீர்த்து வைத்திருந்தாள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. மடிப்பு மேசைக்கு அவள்தான் மூத்தவள், அதனால் எல்லோருக்கும் அக்கா. அவள் முணுமுணுப்புக்கு வார்த்தை கிடையாது. கீழே ஆரம்பிக்கும், முதல் உதறலுக்கு ஒரு படி ஏறும், இரண்டாவது உதறலுக்கு இன்னொரு படி ஏறும், உச்சியில் கொஞ்சம் நிற்கும், அப்புறம் அப்படியே திரும்பி இறங்கும். அந்தத் திருப்பத்தில் எதிரே நிற்பவருக்குக் கால் தானாக வந்துவிடும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. துணி மூலையில் மையால் நம்பர் போடுகிற எனக்கு இசையும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான். ஆள் குறையும் நாளில் என்னைப் பிடித்து நிறுத்தினால் என் காலும் சரியாக அங்கேதான் கிளம்பும்.

அண்ணன் பாய்லர் பார்ப்பவர். அக்காவின் புருஷன். இருபது வருஷத்துக்கு முன் அக்காவுக்கு எதிரே நிற்கிற பெண் ஒரு வாரம் லீவு போட்டபோது, முதலாளி இவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தப் பெண் திரும்பி வந்த பிறகும் இவர் மேசையை விட்டு நகரவில்லை. பாய்லர் அணையப் போகிறது என்று முதலாளி வந்து திட்டித்தான் பிரித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்கு மூன்றாம் மாதம் கல்யாணம். ஒரே மகள், இப்போது கல்லூரியில் முதல் வருஷம். அண்ணன் பேசுகிற ஆள் இல்லை. காலையில் வந்தால் எனக்கு ஒரு தலையசைப்பு, போகும்போது ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் எங்கள் சிநேகம். ஆனால் என் டீயில் எத்தனை சர்க்கரை என்பது அவருக்குத் தெரியும்.

நீராவிக் குழாயின் ஜாயிண்ட் பிய்த்துக்கொண்டது ஒரு காலைப்பொழுதில். 'சோ' என்று ஒரு சத்தம். துணி தேய்க்கிற ரோலர் பக்கம் நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். அண்ணன் வெளியே ஓடிவரவில்லை. வலது கையை அந்த ஆவிக்குள் விட்டு வால்வை மூடிவிட்டுத்தான் வந்தார். வந்தபோது கையில் தோள் வரைக்கும் சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு மனசில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, தீக்காய வார்டு. அந்த ஆஸ்பத்திரித் துணியெல்லாம் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். அவர் படுத்திருந்த பெட்ஷீட்டின் மூலையில் என் கையால் போட்ட நம்பர் இருந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு நான் கொண்டுபோன ரொட்டியையும் அவித்த முட்டையையும் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

காயத்தைவிடக் கொடுமை, கட்டு மாற்றுவது. தினமும் காலை பத்து மணிக்கு. ஊசி போட்டு, உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டிக்கொண்ட துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுப்பார்கள். இருபது வருஷத்தில் குரல் உயர்த்தாத மனிதர் போடுகிற சத்தம் கீழே சீட்டு வாங்கும் இடம் வரை கேட்கும். பத்து மணி ஆவதற்கு முன்பே, எட்டு மணிக்கே, அவர் உடம்பு உதற ஆரம்பித்துவிடும். ஒன்பதாவது நாள் அவர் அக்காவிடம் சொன்னார்.

"எனக்குப் போதும். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

இரண்டு நாள் கட்டு மாற்றாமல் விட்டால் சீழ் பிடிக்கும், அப்புறம் கையையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதைத் திரும்பச் சொன்னாள். எடுத்தால் எடுக்கட்டும் என்றார் அண்ணன். அக்கா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

வார்டு சிஸ்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர். இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் கண்ணாடி, காலில் சத்தம் போடாத செருப்பு. அவர்தான் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். கட்டு மாற்றும்போது நோயாளிக்குப் பாட்டுக் கேட்க வைத்தால் பயம் குறைகிறது, மூச்சு நிதானமாகிறது, ஊசி மருந்துகூடக் கொஞ்சம் குறைவாகப் போதுகிறது என்று அந்த வார்டில் பழக்கமாகச் செய்துவருகிறார்களாம். வெந்த கைக்குப் புல்லாங்குழலா என்று நான் மனதுக்குள் நக்கலடித்தேன். புல்லாங்குழலேதான் வந்தது. பின்னால் அருவி விழுகிற சத்தத்தோடு. ஹெட்போனை மாட்டிய அடுத்த நொடி அண்ணன் கட்டிலை விட்டுக் குதிக்கப் பார்த்தார். அருவி 'சோ' என்றுதானே விழும். யாருக்கு அது தோன்றும்?

சிஸ்டர் கோபப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டார். அண்ணன் சுவரைப் பார்த்தார். பாட்டெல்லாம் கேட்பதில்லை என்றார். சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அண்ணனே சொன்னார்.

"இவ ஒண்ணு முணுமுணுப்பா. துணி மடிக்கும்போது. அது வேணா."

அக்கா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. இத்தனை வருஷமாக அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. நீ பாடுவது நன்றாக இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாய்லர் வெடித்தா போயிருக்கும்?

மகள் போனில் பதிவு செய்ய வந்தாள். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் தொண்டையைச் செருமுகிறாள், புடவைத் தலைப்பைத் திருகுகிறாள், சிரிக்கிறாள், அழுகிறாள். முணுமுணுப்பு மட்டும் வரவில்லை. கையில் துணி இல்லாமல் தனக்கு அது வராது என்றாள். சிஸ்டர் தன் சாவியால் வார்டின் துணி அறையைத் திறந்துவிட்டார். எதிர்முனைக்கு ஆள் வேண்டுமே. நான் போய் நின்றேன். முதல் பெட்ஷீட் உதறலோடு குரல் வந்துவிட்டது. இரண்டு உதறலுக்கு இரண்டு படி ஏறியது, உச்சியில் நின்றது, திரும்பியது, நான் நடந்தேன். பதினோரு பெட்ஷீட் மடித்தோம். எங்கள் வார்டு வேலையும் முடிந்தது என்று சிஸ்டர் சிரித்தார். மகளின் போனிலிருந்து தன் போனுக்கு அதை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். அந்தப் பதிவில் துணி உதறுகிற சத்தமும் இருக்கிறது. அதில் பாதி உதறல் என்னுடையது.

மறுநாள் அந்தப் பதிவைப் போட்டுத்தான் கட்டு மாற்றினார்கள். அண்ணன் கத்தினார், ஆனால் மாடிப்படி வரை கேட்கவில்லை. அதற்கு மறுநாள் இரண்டே தடவை. ஒரு வாரத்தில் எட்டு மணி நடுக்கம் ஒன்பதரைக்குப் போனது, அப்புறம் பத்துக்கு வந்தது. வீட்டுக்குப் போகும் பேச்சை அவர் எடுக்கவில்லை. அக்காவுக்கு நடையே மாறிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சிஸ்டர் கெட்டிக்காரி தம்பி. அந்தத் திருப்பம் வரும்போது இவர் மூச்சை நல்லா விடறாராம், தோள் தொளதொளன்னு இறங்குதாம். அதுக்காகவே காத்திருந்து, சரியா அந்த இடத்துல கட்டுத் துணியை எடுத்துடறாங்க. அவருக்குத் தெரியறதுக்குள்ள வந்துடுது."

நானும் சேர்ந்து மெச்சினேன். சலவைக்கூடத்தில் போய் நாலு பேரிடம் சொன்னேன். எங்கள் யார் மூளைக்கும் அப்போது வேறு ஒன்றும் எட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் மொத்தம் நாற்பத்தொரு நாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கை தப்பியது. அந்தக் கையைக் காப்பாற்றியது அக்காவின் முணுமுணுப்புதான். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் மகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தாளாம். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கை நழுவி விழுந்தது. விரலில் இன்னும் பிடிப்பு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். டம்ளர் இருந்தது இடது கையில் என்பதை அவள் அப்புறம்தான் யோசித்தாள். இன்னொரு நாள், சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தாள், இல்லை. அதன்பின் அவள் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனாலே அவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.

"என்னைக் கண்டாலே எழுந்து போறாரு. ஆஸ்பத்திரியில நான் ஏதாவது குறை வெச்சிட்டேனா தம்பி?" என்று கேட்டாள். உடம்பு நொந்தவர்களுக்குக் கட்டினவள் மேல்தான் எரிச்சல் வரும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று பெரிய அனுபவசாலி மாதிரி சொல்லிவைத்தேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வெக்கைப் பக்கம் இனி போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், முதலாளி அண்ணனை மடிப்பு மேசைக்குப் போட்டார். இருபது வருஷம் கழித்து மாப்பிள்ளை பழைய இடத்துக்கே வந்துவிட்டார் என்று ரோலர் பெண்கள் கேலி செய்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவர் எதிரே வந்து நின்றார். வலது கை முழுக்கச் சட்டைக்குள் மறைந்திருந்தது. முதல் பெட்ஷீட்டை எடுத்தார்கள். உதறல், முணுமுணுப்பு ஒரு படி. உதறல், இன்னொரு படி. உச்சியில் நின்று குரல் திரும்பியது.

அண்ணன் முன்னால் வரவில்லை. ஒரு அடி பின்னால் போனார். வலது கை நெஞ்சோடு போய் ஒட்டிக்கொண்டது. பெட்ஷீட் தரையில் விழுந்தது.

பரவாயில்லை, கை புதுசு என்று யாரோ சொன்னார்கள். இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை அவர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து வந்து முனைகளைக் கொடுத்தார். கொடுக்கும்போது முகம் நனைந்திருந்தது. ரோலரை நிறுத்திவிட்டார்கள்.

"கை வலிக்குதாங்க?"

"இல்ல."

"பின்ன?"

அவர் தரையில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த இடம் வரும்போது தோல் உரியற மாதிரி இருக்கு."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதம், தினமும், சரியாக அந்தத் திருப்பத்தில்தான் கட்டுத் துணியை உரித்திருக்கிறார்கள்.

"உன் குரல்ல ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "அந்த ஒரு இடத்துலதான். யாரும் எதையும் உரிக்கலன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

"வீட்டுலயும் இதுதானா? இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீ நிறுத்திடுவியேன்னு."

அவர் தன் வாழ்நாளில் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். பேசி முடித்துவிட்டு அடுத்த பெட்ஷீட்டை எடுத்து, பாடு, பழகிவிடும் என்றார்.

நாலு நாள் பழகிப் பார்த்தார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து நம்பர் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த நாலு நாளும் மை கலங்கிக் கலங்கித்தான் விழுந்தது. அவர் எடுத்துப் பிடித்து நிற்பார். துணி ஒன்றும் விழவில்லை. பார்ப்பவர்களுக்குச் சரியாகிவிட்ட மாதிரிதான் இருந்தது. ஐந்தாவது நாள் காலை அக்கா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"துணியில வருது தம்பி. நான் மேல ஏறும்போதே அவர் கை நடுக்கம் துணி வழியா என் கைக்கு வந்துடுது. அதைப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படிப் பாடறது?"

வேறு ஏதாவது முணுமுணுக்கலாமே என்றேன். அப்படியும் செய்து பார்த்தாளாம். எதை ஆரம்பித்தாலும் குரல் சுற்றி வளைத்துக்கொண்டு அந்த இடத்துக்கேதான் போய் நிற்கிறதாம். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவள் முணுமுணுக்கவில்லை. எண்ணினாள். முதல் உதறலுக்கு ஒண்ணு. இரண்டாவதுக்கு ரெண்டு. மூணு என்றால் அவர் நடந்து வருவார். துணி ஒழுங்காகத்தான் மடிந்தது. முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகக்கூட. ஆனால் ரோலர் பெண்கள் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். எங்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாக நேரம் எப்படிப் போயிற்று என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது. வீட்டிலும் ஒண்ணு, ரெண்டு, மூணுதான் என்று மகள் சொன்னாள். சில சமயம் அம்மா தனியாகத் துணி மடிக்கும்போதுகூட உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள் என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணனின் கையைக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரித் துணி மூட்டையை ஏற்றிப் போகிற வண்டியில் நாங்கள் மூவருமாகப் போனோம். மூன்றாவது மாடி நடையில் சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார். அண்ணனின் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, டாக்டர் சொல்வதற்கு முன்பே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவர் தொட்டபோது அண்ணன் கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. சிஸ்டருக்குத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில்.

பிறகு அக்காவைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார். ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு பெண்ணாம். சமையற்கூடத்தில் வேலை. கொதிக்கிற எண்ணெய். பார்க்க ஒருவரும் வருவதில்லை. எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை.

"உங்க பாட்டு இன்னும் என் போன்லதாம்மா இருக்கு. அந்தப் பொண்ணுக்குப் போடட்டுமா? நீங்க சரின்னாதான்."

அக்கா அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நாற்பத்தொரு நாளும் ஒரு மனிதனின் கைக்கு மேல் குனிந்து நின்ற பெண்மணியிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"போடுங்க சிஸ்டர்," என்றாள். "ஆனா அந்தத் திருப்பத்துல துணியை எடுக்காதீங்க. முன்னாடி எடுங்க, பின்னாடி எடுங்க. அந்த இடத்துல மட்டும் வேணாம்."

"ஏம்மா? அங்கதானே உடம்பு நல்லா விட்டுக் கொடுக்குது."

"அது ஆள் கிட்ட வர்ற இடம் சிஸ்டர்."

சிஸ்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கண் அண்ணனின் வலது கைக்குப் போனது. அது அதற்குள் நெஞ்சோடு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார், கழற்றினார்.

"அப்ப அந்த இடத்துல நான் என்னம்மா பண்றது?"

"சும்மா கையைப் பிடிச்சுக்கங்க. வெந்த கை இல்ல. மத்த கை."

சிஸ்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பத்து மணி ஆகியிருந்தது. ஏழாம் நம்பர் பெண்ணுக்குக் காதிலும் கட்டு இருந்ததால் ஹெட்போன் மாட்ட முடியாது, ஒலிபெருக்கியில்தான் போட வேண்டும். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து துணி உதறுகிற சத்தம் வந்தது. என் உதறல். அதன்மேல் அக்காவின் குரல் ஏறியது.

அண்ணன் திரும்பி மாடிப்படிக்கு நடந்தார். இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் படி இருக்கும். இரண்டாவது உதறலில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அக்கா ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கீழே அவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார், வலது கை நெஞ்சில். நடையில் அவள் பதிவுக்குரல் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குமேல் தன் குரலைப் போட்டு அக்கா எண்ணினாள்.

"ஒண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு."

பாட்டு உச்சியில் நின்றது.

"மூணு."

அவர் கால் ஒரு படி மேலே ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை.

மீதிப் படிகளை அக்கா இறங்கிப் போனாள்.